தண்ணிப் பாட்டு

ஜூன் 2, திங்கள்

பஞ்சாயத்து எழுத்தர் இன்று நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து ஒரு தடித்த அறிக்கையையும் ஓர் அறிவிப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டும். அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு மேசைமேல் வைக்க வேண்டும்.

எங்கள் ஆலடிப்பாறைக்கு மேலே, நெடியாற்றில் இருக்கிற சின்ன அணைக்கும் அதன் பவர் ஹவுஸுக்கும் கம்பெனி வாங்கிய உரிமம் இந்த ஆண்டோடு முடிகிறது. இன்னும் முப்பது ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக் கேட்டிருக்கிறார்கள். ஜூலை மூன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், எழுதியும் கொடுக்கலாம்.

"இத யாரு படிக்கப் போறா, வடிவு?" என்றார் எழுத்தர். "இங்க பேப்பருல ராசிபலன் பாக்கவே ஆளக் காணும்."

கோழி வளர்ப்புப் பயிற்சிக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவில் ஒட்டினேன். மலையில் மேகம் இறங்கியிருக்கிறது. இடது மணிக்கட்டு வலிக்கிறது. போன ஐப்பசியில் படித்துறையில் வழுக்கி விழுந்த கை.

ஜூன் 3, செவ்வாய்

அறிக்கையை ஒருவர் தொட்டார். அதை நகர்த்திவிட்டு அடியில் இருந்த வார இதழை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் நூலகத்தைப் பூட்டும்போது தண்ணிப் பாட்டு போட்டார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரை நகராமல் நின்றேன்.

எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்று தெரியும். அணையில் தேக்கிய தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி மிஷினை ஓட்டுகிறார்கள். ஓட்டி முடித்த தண்ணீர் எங்கள் படித்துறைக்குச் சற்று மேலே ஆற்றில் வந்து விழுகிறது. கணுக்கால் அளவு ஓடிய ஆறு ஒரு பாட்டு முடிவதற்குள் கழுத்துக்கு வந்துவிடும். அதனால் மிஷின் போடுவதற்கு முன் பவர் ஹவுஸில் அபாயச் சங்கு ஊத வேண்டும். போன ஐப்பசியில் இடி விழுந்து அந்தச் சங்கு கருகிப்போனது. புதுசு வருகிறது என்றார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

என் அண்ணன் முப்பிடாதி அங்கே கான்ட்ராக்டில் மிஷின் ஆப்பரேட்டர். அவன் தானாக ஒரு மாற்று ஏற்பாடு செய்தான். மிஷின் போடுமுன் மைக்செட் சொரிமுத்து அண்ணாச்சிக்குப் போன் அடிப்பான். அண்ணாச்சியின் வீடு அம்மன் கோயிலை ஒட்டி இருக்கிறது. கோயில் வேப்பமரத்தில் அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள் எப்போதும் கட்டியே இருக்கும். அவர் ஒரே ஒரு பாட்டைப் போடுவார். பக்கத்து ஊர்க்காரர் யாரோ பாடிப் பதிந்த அம்மன் பாட்டு. "படியேறி வாராளே, பச்சைப் பட்டு கட்டி வாராளே." அது கேட்டதும் ஆற்றில் நிற்கிறவர்கள் ஏறிவிடுவார்கள்.

வேறு எதற்கும் அவர் அந்தப் பாட்டைப் போடுவதில்லை. சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் கேட்டதற்கு, "பந்தியில இருக்க ஆளெல்லாம் எலையப் போட்டுட்டு மேட்டுக்கு ஓடிருவாவ, பரவால்லையா?" என்றாராம். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு கேட்டால் தண்ணீர் வரும் என்று இந்த ஊர் கற்றுக்கொண்டது நல்லதுதான். கூடவே, பாட்டு கேட்காவிட்டால் தண்ணீர் வராது என்றும் கற்றுக்கொண்டுவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

நூலகம் விடுமுறை. போர்வை, தலையணை உறை எல்லாம் ஊறப்போட்டேன். அம்மா அழுக்குத் துணி மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, எத்தன மாசமா பைப்புத் தண்ணியில குளிக்க? முடியெல்லாம் தேங்கா நாராட்டம் ஆயிட்டு. வா, ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வருவோம்."

"சளி பிடிச்சிருக்கும்மா."

"ஐப்பசில பிடிச்ச சளியா?" என்றாள் மதினி செல்லக்கனி, புளியைக் கரைத்தபடி. அவளுக்கு இது ஏழாம் மாதம். "இம்புட்டு நாளு நிக்க சளிய நான் பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரில காட்டுனா கண்ணாடிப் பெட்டில வச்சிருவாவ."

அம்மா சிரிக்காமல் என்னையே பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

மத்தியானம் என் அலமாரியில், புத்தகங்களுக்கு முன்னால், ஒரு புதுத் தைலப் புட்டி இருந்தது. வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

மழை. ஒருவரும் வரவில்லை. அறிக்கையைப் படித்தேன்.

பெரும்பாலும் எண்களும் மரங்களின் பெயர்களும்தான். பாதுகாப்பு என்ற பகுதியில் இப்படி இருந்தது: "அபாயச் சங்கு உள்ளது. நல்ல நிலையில் இயங்குகிறது. கீழ்ப்பகுதிக் குடியிருப்புகளுக்குத் தெளிவாகக் கேட்கும்."

சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேய்க்கதைகளைப் போர்வைக்குள் வைத்துப் படித்திருக்கிறேன். எதுவும் இந்த வரியைப் போல என்னைப் பயமுறுத்தியதில்லை. அவ்வளவு நிம்மதியாக எழுதப்பட்ட வரி.

இன்னொரு பக்கத்தில், உரிமம் கிடைத்த பிறகு இப்போதுபோல் சாயங்காலம் மட்டும் இல்லாமல், மின்தேவை எழுகிற எந்த நேரத்திலும் மிஷின் ஓட்டப்படும் என்று இருந்தது. எந்த நேரத்திலும். அம்மா துவைக்கிற காலையில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் குதிக்கிற நேரத்தில்.

சங்கு வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். என் கையெழுத்தை ஒரு கோட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் ரப்பர் தேடி எடுத்து அழித்தேன். அழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதை எச்சில் விரலால் தேய்த்து மங்கலாக்கினேன்.

ஜூன் 16, திங்கள்

கம்பெனி மேனேஜர் தினகர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்; இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை.

"அறிக்கையை நிறைய பேர் படிக்கிறாங்களா, மேடம்?"

"இல்லைங்க."

"நீங்க?"

"மேலோட்டமாப் பார்த்தேன்."

அவர் அறிக்கையைப் புரட்டினார். பாதுகாப்புப் பக்கத்தில் கொஞ்சம் நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. உண்மையில் நின்றாரா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"முப்பிடாதி உங்க அண்ணன்தானே? நல்ல வேலைக்காரர். கூட்டம் அமைதியா முடிஞ்சா, கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களை பெர்மனென்ட் பண்றோம். அவர் பேர்தான் முதல்ல இருக்கு." எழுந்துகொண்டார். "வீட்டுல விசேஷம்னு சொன்னார். உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவர் போன பிறகு அறிக்கையைத் திறந்து, அழித்த இடம் தெரிகிறதா என்று பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மதினிக்கு மாதாந்திரப் பரிசோதனை. ரத்தம் குறைவு என்றார்களாம். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். நிரந்தர வேலையானால் டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டு நின்ற எனக்குக் கீரையில் எது காம்பு, எது இலை என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

சொரிமுத்து அண்ணாச்சி துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா யாரு பாட்டு போடுவா?"

"காய்ச்சல் வந்தா வெரலுமா விழுந்துரும்? பட்டன அமுக்க ஒரு வெரலு போதும் தங்கச்சி."

"வெளியூரு போயிட்டா?"

"போவ மாட்டேன். மச்சினன் வீட்டுப் பால்காய்ப்புக்கே போவல. பொண்டாட்டி பத்து நாளா மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுதா."

"செத்துப் போயிட்டா?"

"என்னத் தூக்குததுக்கு முன்ன உங்க அண்ணன் ஒரு போன் அடிச்சா, எந்திரிச்சி பாட்டப் போட்டுட்டுப் படுத்துக்கிடுதேன்." சிரித்துவிட்டு அடுத்த நாவலை எடுத்தார். "மூணாந்தேதி கூட்டத்துக்கு நம்ம செட்டுதான், தெரியும்லா? கம்பெனி ஆர்டரு. கோட்டாட்சியர் அம்மாவே வாராவளாம். ஒயரெல்லாம் புதுசா மாத்தணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்த மனிதர் ஒருவர் அங்கே இருப்பார் என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

அண்ணன் வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்கு வந்தான். உள்ளே வந்து வருஷக்கணக்காகிறது. அலமாரிகளைப் பார்த்தபடி நின்றான்.

"கூட்டத்துல பேசப் போறியா?"

"நான் என்னைக்குக் கூட்டத்துல பேசிருக்கேன்?"

"பேசுனா பேசு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சங்கு இல்லைன்னு மட்டும் சொன்னா என்னண்ணே?"

"சங்கு இல்லாம இத்தன மாசம் எப்படி ஓட்டுனீங்கன்னு கேப்பாவ," என்றான். "கம்பெனியவா கேப்பாவ? ஓட்டுனது யாரு?"

அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாசலுக்குப் போனவன், அங்கே நின்று என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"இப்பம் வலிக்கா?"

"மழைக்கு மட்டும்."

ஜூன் 28, சனி

மறுபடி அந்தக் கனவு. கனவில் தண்ணீர் இல்லை, வெறும் பாறைதான். பாறையின்மேல் காய்ந்துகொண்டிருக்கும் என் தாவணி மட்டும் தானாக நகர்கிறது.

ஜூலை 2, புதன்

நாளை கூட்டம். ஒரு தாளை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தேன். "ஐப்பசி முதல் சங்கு இயங்கவில்லை" என்று தொடங்கினால் அடுத்த வரியில் அண்ணன் வருகிறான். "ஆற்றில் நீர் திடீரென்று உயர்கிறது" என்று தொடங்கினால், உயர்ந்ததை நீ பார்த்தாயா என்று கேட்பார்கள். எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அது அண்ணனிடம் போய் முடிகிறது. இவ்வளவு படித்தும் எனக்கு அண்ணன் இல்லாத ஒரு வாக்கியம் எழுதத் தெரியவில்லை.

தாளை அடுப்பில் போட்டேன். போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று முடிவு.

ஜூலை 3, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும். நாளை இதை நானே வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

காலையில் அம்மாவும் தெருப் பெண்களும் பெரிய துவைப்புக்குக் கிளம்பினார்கள். கூட்டத்துக்கு வரவில்லையா என்றேன். "ஆம்பளைங்க பேசிக்கிடுவாவ. ஆபீசரு, மேனேஜரு எல்லாரும் பள்ளிக்கூடத்துலதான இருப்பாவ. இன்னைக்கு சாயங்காலங்கூட எவன் மிஷின் போடப் போறான்? நிம்மதியா கம்பளி தொவைக்கலாம்," என்றாள் அம்மா. எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கும் சரியென்றே பட்டது.

பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல். கோட்டாட்சியர் கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள பெண். மேனேஜர் தினகரை மேடையில் காணவில்லை. அவருக்குப் பதில் வேறொருவர் கம்பெனி சார்பில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் கோட்டாட்சியர், "எல்லோரும் தயவுசெய்து செல்போனை அணைத்துவிடுங்கள். பதிவு நடக்கிறது, இடையில் சத்தம் வரக்கூடாது," என்றார். ஒரு போலீஸ்காரர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சொரிமுத்து அண்ணாச்சி முதல் ஆளாகத் தன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். நான் அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் மாசமான பெண் தனியாக இருக்கிறாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் பேசியவர் கம்பெனி பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பெஞ்சுகளைப் பாராட்டினார். அடுத்தவர் தெருவிளக்கு கேட்டார். அவர் குரல் பந்தலுக்கு வெளியே எங்கோ மேலிருந்து கணீரென்று திரும்பி வந்தது. ஏதோ யோசனையில் அண்ணாந்து பார்த்தேன். வளாகத்துப் புங்கமரத்தில் இரண்டு குழாய்கள் கட்டியிருந்தன. ஒன்றின் வாயில் பச்சைப் பெயிண்ட் உரிந்திருந்தது. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கோயில் வேப்பமரத்தில்.

எழுந்து ஓரமாக நடந்து அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, கோயில்ல வேற குழாய் இருக்கா?"

"ரெண்டுதான நம்மகிட்ட. ரெண்டும் இங்க."

"அப்போ பாட்டு?"

"இன்னைக்கு என்னத்துக்குப் பாட்டு? எல்லாரும் இங்கனதான இருக்காவ." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. மேடையைப் பார்த்தார். மேனேஜரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

அப்போது என் கையில் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"வடிவு, எங்கட்டி இருக்க? அண்ணாச்சி போனு ஆப்புல கெடக்கு." கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் பேசினான். "மேலருந்து இஞ்சினியரு பார்வைக்கு வந்திருக்காரு. மேனேஜரு பக்கத்துல நின்னு போடு போடுன்னாரு. ஒரு போன் அடிச்சிக்கிடுதேன்னு கெஞ்சுனேன். ஓடவிட்டுட்டேன்ட்டி. தண்ணி எறங்கிட்டு. ஆத்துல ஆளு இருக்கா?"

"அம்மா இருக்கா," என்றேன்.

போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அண்ணாச்சி போனை உயிர்ப்பிக்கப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். பாட்டு அந்தப் போனில்தான் இருக்கிறது. திரையில் ஏதோ வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. ஆற்றுக்கு முன்னால் இருக்கிற தென்னந்தோப்பைத் தாண்டவே ஒரு பாட்டு நேரத்துக்குமேல் ஆகும். தெருவிளக்கு கேட்டவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். "ஆத்தவிட்டு ஏறுங்க! தண்ணி வருது!" என்று கத்தினேன்.

கத்தின பிறகுதான் உறைத்தது. காலையில் மைக் சரிபார்த்ததிலிருந்து இந்தக் குழாய்களில் யார் யாரோ கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றில் நிற்கிறவர்களுக்கு இது இன்னொரு பேச்சு, அவ்வளவுதான். அவர்கள் காது ஒன்றே ஒன்றுக்குத்தான் பழகியிருக்கிறது.

"கொழாய ஆத்துப் பக்கம் திருப்புங்க அண்ணாச்சி," என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். நான் பாட ஆரம்பித்தேன்.

பள்ளியில் வாழ்த்துப் பாடலுக்குக்கூட வாயை மட்டும் அசைத்தவள் நான். "படியேறி வாராளே, பச்சைப் பட்டு கட்டி வாராளே." குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சாமி வந்திட்டு போல," என்றது ஒரு குரல். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். கோட்டாட்சியர் எழுந்து, "என்னம்மா இது?" என்றார். நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினேன். இரண்டாவது வரிக்குப் பிறகு எனக்கு வார்த்தை தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் கேட்ட பாட்டு. கேட்கும்போதெல்லாம் பயந்துகொண்டே நின்றதில் வார்த்தைகள் உள்ளே போகவில்லை. முதல் இரண்டு வரிகளையே திரும்பத் திரும்பப் பாடினேன். முதலில் பந்தலில் இருந்த ஆண்களுக்குத்தான் புரிந்தது. ஒருவர் எழுந்தார். பிறகு நாற்காலிகள் விழுகிற சத்தம். எல்லோரும் ஆற்றைப் பார்த்து ஓடினார்கள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எது கேட்குமோ என்று பயமாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். ஈரப் புடவைகளோடு, தலைமயிர் சொட்டச் சொட்ட, வெறுங்கையோடு. கம்பளிகள் போய்விட்டன, வாளிகள் போய்விட்டன. முதலில் அம்மாவைத் தவிர எல்லோரும் தெரிந்தார்கள். கடைசியாக, ஒரு கிழவியைத் தாங்கிக்கொண்டு அம்மா வந்தாள். கிழவியின் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது.

"பாட்டு உன் குரலுல வருதேன்னு நின்னு கேட்டோம் பாத்துக்க," என்றாள் பக்கத்து வீட்டு மாரித்தங்கம் அக்கா, பல் கிட்டிக்க. "நல்லவேள, நீ நல்லாப் பாடல. நல்லாப் பாடியிருந்தா ரசிச்சிக்கிட்டே நின்னுருப்போம்."

யாரோ சிரித்தார்கள். அதே மூச்சில் அழுதார்கள்.

கோட்டாட்சியர் மேடையைவிட்டு இறங்கி வந்தார். என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார். என் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். மைக்கை அவள் தொடவில்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

"எம் பேரு பேராச்சி. எழுதிக்கிடுங்க. மேல மிஷின் ஓட்டுதது எம் மவன்தான். சங்கு ஐப்பசியிலயே கருகிப்போச்சு. இவன் பயந்துபோயி ஒரு பாட்டப் போடச் சொன்னான். எதுக்குப் பயந்தான்னு கேளுங்க. சங்கு இல்லாம மொத நாளு மிஷின் போட்டப்பம் ஆத்துல நின்னது இவதான், எம் மவ. பாலத்துப் பாறையில போயி அடிச்சுக் கெடந்தா. வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னா. நானும் கேட்டுக்கிட்டேன். ஒரு புள்ள வேலைக்காவ இன்னொரு புள்ள பொய் சொல்லுது, நான் எதக் கேக்க?"

கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார்.

"இவ வழுக்கி விழல," என்றாள் அம்மா. "அதையும் எழுதுங்க."

ஜூலை 4, வெள்ளி

ஒன்பது மாதங்களாக இந்த நோட்டில்கூட வழுக்கி விழுந்தேன் என்றே எழுதியிருக்கிறேன். யார் படிப்பார்கள் என்று பயந்தேன்? அதை மட்டும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அண்ணன் இரவு வீட்டுக்கு வரவில்லை. காலையில் வந்து அம்மாவின் காலருகே உட்கார்ந்தான். அம்மா அவன் தலையில் எண்ணெய் வைத்தாள்.

ஜூலை 9, புதன்

அண்ணனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். விதிமுறைப்படி எச்சரிக்கை செய்யாமல் மிஷினை இயக்கியது ஆப்பரேட்டரின் தனிப்பட்ட கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. மதினி என்னிடம் பேசுவதில்லை. சோறு மட்டும் முன்பைவிட அதிகமாக வைக்கிறாள், தட்டு நங்கென்று சத்தம் வர.

எழுத்து மூலமான கருத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடந்ததை எல்லாம் எழுதி, பெயர் போட்டு, கோட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்த முறை எல்லா வாக்கியத்திலும் அண்ணன் இருந்தான். மேனேஜர் பக்கத்தில் நின்று சொன்னதும் இருந்தது. அண்ணன் படித்துப் பார்த்து, ஓர் இடத்தில் மட்டும், "கெஞ்சுனேன்னு போடு. கேட்டேன்னு போடாத," என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

பஞ்சாயத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. உரிமம் உடனே கிடையாது. புதுச் சங்கு பொருத்தி, அது ஊருக்குக் கேட்கிறது என்று நேரில் சோதித்துக் காட்டிய பிறகுதான் புதுப்பிப்பு. அதுவரை மிஷின் ஓடாது.

எழுத்தர் தன் கையால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பாடியே சாதிச்சிட்டியே!" என்றார். இன்று முதல் முறையாக மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதுச் சங்கு வந்துவிட்டது. மலையடிவாரத்தில் கம்பத்தின்மேல் வெள்ளையாகத் தெரிகிறது. "சங்கு ஒலித்தால் உடனே ஆற்றைவிட்டு வெளியேறவும்" என்ற அறிவிப்பைப் பலகையில் ஒட்டினேன். தெருவிலும் வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் சரி சரி என்றார்கள். இனிமேல் பாட்டுப் போடக்கூடாது, குழப்பம் வரும் என்று சொரிமுத்து அண்ணாச்சிக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறார். "இனிமே மச்சினன் வீட்டுக்குப் போலாம்," என்றார் அண்ணாச்சி. சந்தோஷப்படுகிற குரலாக இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடுமுறை. அம்மா கூப்பிட்டாள். நான் போனேன்.

ஐப்பசிக்குப் பிறகு முதல் முறை. தண்ணீருக்குப் போகவில்லை, மேல் படியில் உட்கார்ந்தேன். ஆறு அவ்வளவு சின்னதாக இருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. அம்மா, மாரித்தங்கம் அக்கா, இன்னும் பத்துப் பதினைந்து பேர். தெருப் பிள்ளைகள் இடுப்பளவு பள்ளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில், புதுச் சங்கைச் சோதித்துப் பார்க்க, கம்பெனி ஆட்கள் இருவரும் ஓர் அதிகாரியும் வந்து நின்றார்கள்.

சங்கு ஊதியது.

நன்றாகவே கேட்டது. மலையில் மோதித் திரும்பியும் கேட்டது. அக்கரையில் அதிகாரி தலையை ஆட்டி எதையோ எழுதினார். கம்பெனி ஆள் ஒருவர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மாரித்தங்கம் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆம்புலன்சு போவுது போல. யாருக்கு என்னவோ, பாவம்." சோப்பை மறுபடி தேய்த்தாள்.

"அக்கா, சங்கு! ஏறுங்க!"

"சங்கா? இருட்டி, பாட்டு இன்னும் போடலல்லா."

அம்மாகூட. என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மாகூட, ஒரு முறை மேலே பார்த்துவிட்டு, "ரெண்டு துணிதாம்ட்டி," என்று குனிந்தாள். அவள் உடம்பு பாட்டுக்குத்தான் காத்திருந்தது. அது இன்னும் கேட்கவில்லை. பள்ளத்தில் பிள்ளைகள் சங்கு மாதிரியே ஊதிக் காட்டி விளையாடினார்கள்.

சோதனைக்கு மிஷினையும் போட்டிருக்கிறார்கள். மேலே, வளைவில், தண்ணீரின் நிறம் மாறியது.

நான் எழுந்து நின்று பாடினேன்.

முதல் வரி முடிவதற்குள் எல்லோரும் படியில் இருந்தார்கள். துணியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்காமல் ஏறிவிட்டார்கள். அக்கரையில் அதிகாரி, படிகளெல்லாம் ஆள் ஏறி நிற்பதைப் பார்த்து, மறுபடி எழுதினார். நான் பாடியது அவருக்குக் கேட்டிருக்காது. சங்கு அவ்வளவு சத்தமாக ஊதிக்கொண்டிருந்தது.

சோதனை வெற்றி என்று சாயங்காலமே எழுத்தர் வந்து சொன்னார். உரிமம் கையெழுத்தாகிவிடுமாம். இனி எந்த நேரத்திலும் மிஷின் ஓடலாம். அதிகாரியிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் டவுனுக்குப் போயாச்சு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

நாளை சனிக்கிழமை. நூலகம் திறக்க வேண்டும். அம்மா மிச்சத் துணியைக் காலையில் துவைத்துவிடுகிறேன் என்கிறாள்.

நூலகத்திலிருந்து ஆறு தெரியாது.